கடைசிப் பத்து நிமிடம்

என் சின்ன வயதில் எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தப் படத்தையும் தியேட்டரில் முழுதாகப் பார்த்ததில்லை. கதை சூடு பிடிக்கும்போது அப்பா எழுந்துவிடுவார். படம் விட்டால் மொத்தக் கூட்டமும் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு வந்துவிடும், நமக்கு உட்கார இடம் கிடைக்காது என்பது அவர் கவலை. முன்னால் ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட்டுப் பிடிப்பார். சற்று நேரத்தில் அம்மா எங்கள் நாலு பேரையும் தரதரவென்று இழுத்துக்கொண்டு வருவாள். முடிவு என்னப்பா என்று கேட்டால், நல்லவன்தான் ஜெயிப்பான், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பார். ரயில்வேயில் நிமிடக் கணக்குப் பார்த்தே பழகிய மனிதரிடம் அதற்குமேல் யார் வாதாடுவது?

அப்படி முக்கால்வாசி மட்டும் பார்த்த படங்களில் ஒன்று என்னை விடவே இல்லை. கையால் வரைந்த கார்ட்டூன் படம். ஒரு பையன் பாய்மரக் கப்பலில் ஏறித் தீவு தேடிப் போவான். அவன் ஊர் திரும்பினானா என்பது எனக்கு இத்தனை வயதாகியும் தெரியாமலே இருந்தது. வீட்டிலேயே போட்டுப் பார்த்திருக்கலாம்தான். பார்த்தால் தியேட்டரில்தான் பார்ப்பேன் என்று ஒரு வீம்பு.

போன மாதம் அந்தப் படத்தைத் திருச்சியில் மறுபடியும் போட்டார்கள். கே.கே. நகரில் எங்கள் குடியிருப்பு இதழுக்கு விமரிசனம் எழுதித் தருவதாக வாயைக் கொடுத்துவிட்டேன். ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அப்பா, தானும் வருவதாகச் சொன்னார். முடிவு வரை உட்காருவாரா என்று அப்போதே எனக்குச் சந்தேகம்தான்.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. தமிழ் டப்பிங்கில் கடல் கொள்ளைக்காரர்கள் எல்லோரும் மேடைப் பேச்சுப் பேசுகிறார்கள். இடைவேளை முடிந்ததும் வரும் பாட்டைத் தாராளமாக வெட்டியிருக்கலாம். ஆனால் அந்தக் கடலை வரைந்தவரின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். கப்பல் தீப்பிடித்துப் பையன் தண்ணீரில் குதித்தான். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். பக்கத்தில் அப்பா எழுந்து நின்றார்.

பார்க்கிங்கில் மாட்டிக்கொள்வோம், பாலத்தில் நெரிசல் வந்துவிடும், கிளம்பு என்றார். பின்வரிசைக்காரர் உட்காரச் சொல்லிக் கத்தினார். எனக்கு மானம் போயிற்று. பஸ்ஸும் இல்லை, துண்டும் இல்லை, காரில் வந்திருக்கிறோம். இன்னும் எதற்கு இந்த ஓட்டம்?

"நீங்க போங்கப்பா. நான் முடிவைப் பாத்துட்டுத்தான் வருவேன்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. வரிசையில் இருந்தவர்களின் கால்களைத் தாண்டி வெளியே போனார்.

கார் சாவி என் கைப்பையில் இருந்தது. வெயிலில் காருக்குப் பக்கத்தில் அவர் நிற்பார் என்ற நினைப்பு வந்ததும் என் நிம்மதி போயிற்று. இத்தனை வருடம் காத்திருந்து பார்த்த முடிவைப் பாதி மனத்தோடுதான் பார்த்தேன். அந்த எரிச்சலோடு வெளியே வந்தேன். அவர் சொன்னதுபோலவே பார்க்கிங்கில் மாட்டினோம். அவரை ஸ்ரீரங்கத்தில் விடப் போகும் வழியில், காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி அசையவே இல்லை. சொன்னேனே என்பார், அன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்றிருந்தேன்.

"அந்தப் பய கடைசில வீட்டுக்குப் போய்ச் சேந்தானாம்மா?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"நான் எங்க பாத்தேன்? உங்களுக்கு முன்னாடியே ஓடிடுவேன்ல."

எனக்குக் கோபம் தாளவில்லை. இவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டு இன்றைக்கு அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் என்ன? கேட்டேவிட்டேன். கால் தானாக எழுந்துவிடுகிறது, என்ன செய்யச் சொல்கிறாய் என்றார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, பையன் தண்ணீரில் குதித்த இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இடைவேளைலேர்ந்து சொல்லும்மா. அதுக்கு மேல நான் எந்தப் படத்தையும் பாத்ததில்ல. பஸ்ஸுல இடம் கெடைக்குமான்னே யோசிச்சிட்டிருப்பேன்."