கூட இருக்க ஒரு பொம்பளை

எனக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. வாயால் சொல்லக் கூச்சம். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை. மீன் கூடையைத் தலைக்குத் தூக்கும்போதெல்லாம் அடிவயிற்றில் ஏதோ கழன்று வருவது போல இருக்கும். துணியை மடித்து வைத்துக் கட்டிக்கொண்டுதான் திருவிடந்தையில் தெருத்தெருவாக விற்றேன்.

தாங்க முடியாமல் இரண்டு பஸ் மாறி ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், காசு வேண்டாம் என்றார் லேடி டாக்டர். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் நர்ஸம்மா கேட்டார்: "கூட யாரும்மா இருப்பாங்க? ஆள் இல்லாம சேர்க்க மாட்டோம்."

வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகன், கல்யாணம் ஆகாதவன், காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறான். வருஷத்துக்கு இரண்டு மாதம் வரும் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போதுதான் வீட்டோடு இருப்பான். எங்கள் குப்பத்தில் பாதி நோய் தடைக்காலத்துக்குத்தான் காத்திருக்கும். நானும் காத்திருந்தேன். அவனிடம் வயிற்றில் கட்டி என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

தடை வந்தது. பாய், பக்கெட், பிளாஸ்க் எல்லாம் அவனே தூக்கிக்கொண்டு வந்தான். வார்டு வாசலில் காவலுக்கு இருந்த அம்மா கையை நீட்டி மறித்தாள்.

"இது பொம்பள வார்டு. ஆம்பள தங்கக் கூடாது. பொண்ணு, மருமவ யாரும் இல்லியா?"

"நான் புள்ளக்கா. நான் பாத்துக்க மாட்டனா?"

"உங்கம்மாவ நீ பாத்துக்குவ. பக்கத்துக் கட்டில்ல கீறவங்க எப்பிடித் துணி மாத்துவாங்க?"

அவள் சொன்னதும் நியாயம்தான். வேறு வீட்டு ஆம்பளை பக்கத்தில் இருந்தால் நானே படுக்க மாட்டேன். பாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பினோம்.

என்னோடு மீன் விற்கிற பக்கத்து வீட்டுக்காரி எதிரே வந்தாள். "இன்னாக்கா, போன சுருக்குல வந்துட்ட?"

சொன்னேன்.

"என் பொடவ ஒண்ணக் கட்டி உம்புள்ளய இட்டாந்திருந்தா உள்ள வுட்டிருப்பா. மீசயத்தான் எடுக்கணும்." சிரித்தாள். நானும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு குரலைத் தாழ்த்தினாள்: "ரெண்டு நாளுன்னா நான் வந்துடுவேன்க்கா. ஒரு வாரம் யாவாரத்த வுட்டா…"

நான் கேட்கவில்லை. அவளுக்கும் மூன்று பிள்ளைகள்.

தடை முடிந்து மகன் போய்விட்டான். நேற்று போனில், "அடுத்த தடைக்கு எப்பிடியும் பண்ணிடலாம்மா" என்றான்.

அப்போதும் அவன்தான் வருவான். வேறு யார் இருக்கிறார்கள்? "சரிப்பா" என்றேன். கூடையைத் தூக்குவதற்குமுன் துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.