குடைசாமியைப் பார்க்கப் போனோம்

1958 என்று நினைவு. அதற்கு அடுத்த வருடமாகவும் இருக்கலாம். மழை பொய்த்து, திருச்செங்கோட்டுப் பக்கம் கிணறுகளெல்லாம் பாறை தெரியக் கிடந்த கோடை என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு அப்போது பதினாலு வயது, தாவணி போட ஆரம்பித்த புதிது. அக்காவுக்கு இருபத்து நாலு. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அந்த வயதுப் பெண் கல்யாணமாகாமல் இருந்தால், எதிரே வருபவர்கள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.

அக்காவிடம் ஒரு குறையும் இல்லை. குறை எங்கள் பரம்பரையில் இருந்தது. நாங்கள் ராஜ வம்சம். எங்கள் முன்னோர் ஒருவர் கொல்லிமலை அடிவாரத்தில் வெண்குடையின் கீழ் உட்கார்ந்து நாடு ஆண்டவராம். சண்டையில் செத்து சாமியாகிவிட்டாராம். அவர்தான் எங்கள் குலதெய்வம், குடைசாமி. எந்தக் காலத்திலோ பஞ்சம் பிழைக்கக் கிளம்பிய எங்கள் ஆட்கள் அந்தக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முடிந்து எடுத்து வந்து, எங்கள் காட்டு வேப்பமரத்தடியில் போட்டு, அதன்மேல் செங்கல் நட்டுக் கும்பிட்டார்கள். அதற்குப் பிறகு மூலக்கோயிலை யாரும் திரும்பிப் பார்க்கவே இல்லை. கதையை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த ராஜ வம்சத்துக்கு இராத்திரிச் சாப்பாடு ராகிக்களியும் பண்ணைக்கீரையும்தான் என்பது வேறு விஷயம்.

கதையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு வழக்கமும் கூடவே வந்தது. எங்கள் வீட்டுப் பெண் மணவறைக்கு வரும்போது, மாப்பிள்ளையின் தாய்மாமன் அவள் தலைக்கு மேல் வெள்ளைக் குடை பிடித்துக்கொண்டு நடந்துவர வேண்டும். நீளமான மூங்கில் காம்பும் பித்தளைக் குமிழும் வைத்த பழைய குடை ஒன்று எங்கள் பரணில் இருந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதற்குப் புதுத்துணி தைத்துப் போடுவார்கள். அத்தை கல்யாணத்தோடு சரி, அதற்குப் பிறகு அது பரணைவிட்டு இறங்கவில்லை. காலம் மாறிவிட்டது. "உங்க புள்ளைக்குக் கொடை புடிக்கறதுக்கு நாங்க என்ன உங்க ஊட்டு ஆளுக்காரங்களா?" என்று கேட்டுவிட்டு, வந்த சம்பந்தமெல்லாம் எழுந்து போனது. அப்பா அசைந்து கொடுக்கவில்லை.

அப்பாவை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கூடவே பாவமாகவும் இருக்கும். அம்மா போன மறு வருடம் அவர் கண்ணில் பூ விழுந்தது. முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. எதிரே நிற்பது ஆளா மரமா என்பதுகூடத் தெரியாமல் போயிற்று. காட்டை விளைச்சலில் பங்குக்கு வாரம் விட்டுவிட்டு, ஏர் பிடித்த மனிதர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொல்லைக்குப் போவதென்றாலும் அக்கா கையைப் பிடித்துத்தான் போக வேண்டும். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ராஜா கதை சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முதுகு நிமிர்ந்து பழைய அப்பா போலத் தெரிவார்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் தாய்மாமன் எடப்பாடியிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். தறி வைத்து நெசவு செய்யும் குடும்பம். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். பெண் பார்க்க வந்த அன்று அக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, சொம்பைத் தானே கொண்டுபோய் உள்ளே வைத்தார். அந்தச் சொம்பு விஷயத்தை அக்கா என்னிடம் மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் பார்க்கிறேன், பரணிலிருந்து குடையை இறக்கி, யாரும் சொல்லாமலே வெள்ளைத் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். ஆசை வந்துவிட்டது என்று நான் கிண்டல் செய்தேன். அடிக்கக் கை ஓங்கினாளே தவிர மறுக்கவில்லை.

எடப்பாடிக்காரர்களும் குடைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மற்றவர்கள் மாதிரி எழுந்தும் போகவில்லை. குடையை விட்டுக்கொடுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம், காத்திருக்கிறோம் என்றார்கள். மாமா அப்பாவிடம் மன்றாடினார்.

"இந்தக் காலத்துல ராசாவாவது மந்திரியாவதுங்க. புள்ளையப் பாருங்க மாமா."

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொல்லிமலை அடிவாரத்துல நம்ம சாமி கல்லு இன்னும் இருக்குதுன்னு சொல்றாங்க. நேர்ல போயிட்டு வாரேன். அங்க நம்ம கதை பொய்யின்னு தெரிஞ்சா கொடைய வுட்டுர்றேன். எடப்பாடிக்கே குடுத்தரலாம்" என்றார். அப்பா வாக்கு மாறாதவர். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா, அக்கா, நான் மூவரும் கிளம்பினோம். திருச்செங்கோடு பஸ் நிலையத்தில் நாமக்கல் பஸ்ஸுக்கு நின்றபோது, எடப்பாடி என்று பலகை போட்ட பஸ் ஒன்று புறப்பட்டுப் போனது. கண்ணுக்கு மறையும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாமக்கல், சேந்தமங்கலம், அங்கிருந்து ஒரு மாட்டு வண்டி. விசாரித்து விசாரித்து அந்தச் சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கோயில் என்று பெயர்தானே தவிர, சோளக்காட்டு நடுவில் வெட்டவெளியில் நின்ற ஒரு பலகைக் கல்தான் அது. பாதையெல்லாம் முள். அப்பாவைப் புளியமர நிழலில் உட்கார வைத்துவிட்டு, வழியைச் சுத்தம் செய்ய நாங்கள் இருவரும், எங்கள் ஊரையும் வகையறாவையும் விசாரித்துக்கொண்டு வந்த அந்தக் கோயில் பூசாரியோடு முன்னால் போனோம்.

கல்லில் குதிரைமேல் ஒருவர் வாளோடு இருந்தார். அவர் பின்னால் தரையில் நின்று இன்னொருவர் நீண்ட காம்புள்ள குடையைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் குதிரைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டேன். பூசாரி தடுத்தார்.

"அவரு பாளையக்காரருங்க அம்மிணி. அவரு வகையறா ஆடி மாசம் வந்து பூசை பண்ணிட்டுப் போவாங்க. உங்குளுது பின்னால நிக்கிறவரு. அவருதானுங்க கொடைசாமி. சண்டையில எசமான் உழுந்ததுக்கப்பறமும், அவரு மேல வெயில் படக்கூடாதுன்னு கொடைய வுடாம நின்னு வெட்டுப்பட்டுச் செத்தாராம்."

குடை எங்கள் குடும்பத்தில் இருந்தது நிஜம். அதற்குக் கீழே உட்கார்ந்தவர்கள் நாங்கள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவர்கள்தான் நாங்கள்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. கல்யாணம் நடந்துவிடும், எடப்பாடியில் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்றுதான் என் புத்தி ஓடியது. அக்கா அந்தக் குடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூசாரி பக்கம் திரும்பி, "எங்கப்பாகிட்ட இதைச் சொல்ல வேண்டாமுங்க" என்றாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையைப் பிடித்து இழுத்து, "சொன்னாத்தானே உனக்குக் கல்யாணம் நடக்கும், உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டேன்.

"கண்ணு போச்சு, காடு போச்சு, அம்மாவும் போயிட்டா. இதையும் நான் புடுங்கிக்கிட்டா அவருகிட்ட என்ன இருக்கும் சாமி? நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றாள். என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்பாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தோம். பூசாரி தவிர யாரும் கல்லைத் தொடக்கூடாது என்பது அங்கே கட்டுப்பாடு. அப்பா கை கூப்பி நின்று கேட்டார்.

"குதிரை இருக்குதா அம்மிணி?"

"இருக்குதுங்கப்பா."

"கொடை?"

"இருக்குதுங்க. பெரிய கொடை."

"கொடைக்குக் கீழ ஆரு?"

அக்கா ஒரு கணம்தான் தயங்கினாள். "நம்ம சாமிதானுங்கப்பா. வாள் வெச்சுட்டு ராசா மாதிரி உக்காந்திருக்கறாரு."

அப்பா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது பார்வையில்லாத அந்தக் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பூசாரி அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாவுக்கு விபூதி கொடுத்தார். திரும்பும் வழியெல்லாம் பக்கத்துச் சீட்டுக்காரரிடம் அப்பா தன் முப்பாட்டன் குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். திருச்செங்கோட்டில் இறங்கியதும் நான் எடப்பாடி பஸ் நிற்கிறதா என்று பார்த்தேன். அக்கா அந்தப் பக்கமே திரும்பாமல், அப்பா கால் தடுக்காமல் இருக்கத் தரையைப் பார்த்து நடந்தாள்.

அதன்பின் மாமா எத்தனை கெஞ்சியும் பயனில்லை. என் பொண்ணே கண்ணால் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், இனி எப்படிக் குடையை விடுவேன் என்றார் அப்பா. எடப்பாடிக்காரர்கள் ஆவணி வரை பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு சங்ககிரியில் பெண் எடுத்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று அக்கா புதுத்துணி போட்ட குடையைப் பழைய புடவையில் சுற்றிப் பரணில் வைத்தாள். என் எதிரே அவள் அழவில்லை. நான்தான் மாட்டுக்கொட்டகையில் போய் அழுதேன்.

சில வருடங்களில் அப்பா காலமானார். ராஜ வம்சத்து ஆளாகவே போய்ச் சேர்ந்தார். பாடை தூக்கும் சமயத்தில் அக்கா உள்ளே போய் அந்தக் குடையை எடுத்து வந்து விரித்தாள். பழுப்பேறியிருந்தாலும் துணி கிழியாமல் இருந்தது. அப்பா முகத்தில் வெயில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பொம்பளைப் பிள்ளை குடை பிடிக்கலாமா, ஆம்பிளை யாரிடமாவது கொடு என்று மாமா தடுத்தார்.

"இது எங்க வேலைதானுங்க மாமா" என்றாள்.

அவள் சொன்னதன் அர்த்தம் அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெருமுனையில் பெண்களெல்லாம் நின்றுவிட, அவளும் நின்று குடையை மாமாவிடம் கொடுத்தாள். அது அப்பாவோடு சிதையில் போயிற்று. பிறகு எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அக்காதான். என் தலைக்கு மேல் யாரும் குடை பிடிக்கவில்லை. யாருக்கும் கௌரவம் குறைந்துபோகவும் இல்லை. இந்தச் சின்ன விஷயத்துக்காகவா அவள் வாழ்க்கை போயிற்று என்று பந்தலில் உட்கார்ந்தபடியே மனது பொங்கியது.

அக்கா கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டில் இருந்து, என் பிள்ளைகளை வளர்த்து, என் கையிலேயே போய்ச் சேர்ந்தாள். ஒருமுறையாவது அப்பாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டபோதெல்லாம் சிரித்து மழுப்பிவிடுவாள். அவள் செய்தது சரிதான் என்று இன்றுவரை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் ஏதாவது ஊர்வலத்தில் சாமிக்குக் குடை பிடித்து வருவதைப் பார்த்தால், எல்லோரும் சாமியைக் கும்பிடும்போது என் கண் முதலில் போவது வெயிலில் குடையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் அந்தக் கையின் மேல்தான்.