அக்கா நோயாளியாகப் படுத்த நாட்கள்

என் மனைவி ஊசி போட்டால் போட்டதே தெரியாது என்று எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். அழலாமா வேண்டாமா என்று குழந்தை யோசித்து முடிப்பதற்குள் அவள் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள். கட்டில் போதாமல் தரையிலும் ஆட்கள் படுத்திருக்கும் வார்டு அது. அத்தனை பேரையும் பார்க்க இரண்டே சிஸ்டர்கள். அங்கே வாய் பேச ஏது நேரம், கைதான் பேச வேண்டும். 'பெரிய சிஸ்டர்' என்றால் அந்த வட்டாரத்தில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. நான் அச்சகத்தில் மெஷின் ஓட்டினேன். என்னை 'பெரிய சிஸ்டர் வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார்கள்.

அச்சகம் மூடியது. அப்போது வெளிநாட்டிலிருந்து என் அக்கா போன் செய்தாள். அக்காவுக்கு அங்கே பள்ளிக்கூட வேன் ஓட்டும் வேலை. அத்தான் இறந்துபோன பிறகும் ஊர் திரும்பாமல் தனியாகவே இருந்தாள். இங்கே நர்ஸுகளுக்குத் தட்டுப்பாடு, உன் பெண்டாட்டியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, என் வீட்டில் இடம் இருக்கிறது என்றாள்.

அக்காவுக்கும் என் மனைவிக்கும் நடுவில் ஒரு பழைய கதை உண்டு. பெண் பார்க்கப் போன அன்று, "நைட் டியூட்டிக்குப் போற பொண்ணு, வீட்டை யாரு பாப்பா?" என்று அக்கா கேட்டாள். மெதுவாகப் பேச அவளுக்கு எந்தக் காலத்திலும் வராது. உள்ளே இருந்தவள் காதில் அது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு இருவரும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை, அதுதான் சிக்கலே. சண்டை போட்டால் சமாதானம் ஆகலாம். இவர்களோ தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடம் சுமப்பவர்கள் மாதிரி, ஒரு சொட்டும் சிந்தாமல் ஒருவரையொருவர் தாண்டிப் போவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அந்த இடி விழுந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்கா வீட்டு மாடி அறையில் நாங்கள் மூவரும் குடியேறினோம். வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எங்கள் ஊர் நர்ஸ் படிப்பு அந்த நாட்டில் அப்படியே செல்லாது. முதலில் அவர்கள் மொழியில் ஒரு தேர்வு, பிறகு எழுத்துத் தேர்வு, அதற்கும் மேல் ஒரு செய்முறைத் தேர்வு. மூன்றும் தேறினால்தான் நர்ஸ் என்று பதிவு செய்வார்கள். அதுவரை வயிறு சும்மா இருக்குமா? எனக்கு ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. அவள் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். படுக்கை மாற்றுவது, குளிக்க வைப்பது, ஊட்டி விடுவது அவள் வேலை. அங்கே நர்ஸுகளுக்குக் கருநீலச் சட்டை, உதவியாளர்களுக்கு வெளிர்பச்சை. மருந்து வண்டியைத் தொட வெளிர்பச்சைக்கு அனுமதி கிடையாது. வேலை முடிந்து வந்து, "கை அரிக்குதுங்க" என்பாள். வேறு குறை சொன்னதில்லை. அங்கிருந்த தாத்தாக்கள் பாட்டிகள் மேல் அவளுக்கு ஒட்டுதல் வந்துவிட்டது. மொழியையும் அவர்களிடமிருந்தே பிடித்துக்கொண்டாள். முதல் இரண்டு தேர்வுகளும் தேறியதற்கு அவர்களைத்தான் காரணமாகச் சொல்வாள்.

மூன்றாவதில் விழுந்தாள்.

எங்கள் இருவருக்கும் நம்பவே முடியவில்லை. எழுதுவதிலோ பேசுவதிலோ கோட்டை விட்டிருந்தால் சரி, போகட்டும் என்று விட்டிருப்போம். இது கை வேலை. தேர்வு நடக்கும் இடத்தில் வரிசையாக அறைகள் இருக்குமாம். சில அறைகளில் பொம்மை படுத்திருக்கும், சிலவற்றில் நோயாளி வேஷத்தில் நிஜ மனிதர்களே படுத்திருப்பார்கள். மூலையில் ஒருவர் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். இவள் எல்லா அறையிலும் வேலையை மற்றவர்களுக்கு முன்னால் முடித்துவிட்டாள். ஆனால் உள்ளே போனதும் தன் பெயரைச் சொல்லவில்லை. கையைப் பிடிக்கலாமா என்று கேட்கவில்லை. என்ன செய்யப் போகிறாள் என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. முடிவோடு வந்த குறிப்பில் இதுதான் இருந்தது. எந்தக் கைவேகத்துக்காக ஊரே அவளைக் கொண்டாடியதோ, அதுவே இங்கே அவள் காலை வாரிவிட்டது.

அவள் அழவில்லை. "உதவியாளராவே இருந்துடறேங்க, இதுல என்ன குறை" என்று சாப்பிடும்போது சொன்னாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குழாயை மட்டும் மூடினாள்.

மறுநாள் மனைவிக்கு விடுமுறை, எனக்கும்தான். காலைச் சவாரி முடிந்து, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றியவள் நேரே கூடத்துக்குப் போய் சோபாவில் நீட்டிப் படுத்தாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மூச்சு வாங்குது. நீ யாரு? டாக்டரா?"

என் மனைவி பதறிப்போய் ஓடி வந்து நேராக மணிக்கட்டைப் பிடித்தாள். அக்கா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"கேக்காம கையப் புடிக்கிற? போச்சு. ஃபெயில். வெளிய போயிட்டு மறுபடி வா."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. என் மனைவிக்கோ கூச்சம் தாங்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து மூத்த நாத்தனாரை 'அண்ணி, அண்ணி' என்று மரியாதையாக எட்டி நின்றே கூப்பிட்டவள். அந்த அண்ணியிடம் போய் 'உங்க பேரு என்னம்மா' என்று எப்படிக் கேட்பது?

"அண்ணின்னு நெனச்சாத்தானே கூச்சம்?" என்றாள் அக்கா. "நான் யாரோ ஒரு கிழவி. காது மந்தம். வா, கதவுலேர்ந்து வா."

அதற்குப் பிறகு, குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கும் மதிய நேரங்களில் எங்கள் வீடு ஆஸ்பத்திரி ஆனது. காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவில் அக்காவுக்கு ஓய்வு உண்டு. அந்த நேரத்துக்குத் தோதாக மனைவியும் அதிகாலை வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள். அக்காவுக்குள் இப்படி ஒரு நடிகை இருந்தது எங்கள் பரம்பரையில் யாருக்கும் தெரியாது. ஒரு நாள் கோபக்கார நோயாளி, எல்லாவற்றுக்கும் 'முடியாது' என்பாள். இன்னொரு நாள் தன் பெயரையே மறந்துவிட்ட ஆள். ஒரு நாள் என் மனைவி ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா குறட்டை விட ஆரம்பித்தாள். அது நடிப்பா நிஜமா என்று கடைசிவரை அவள் சொல்லவில்லை. நான் வீட்டில் இருக்கும் நாட்களில் நாற்காலியைச் சுவரோரம் போட்டுத் தேர்வாளர் மாதிரி முறைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சிரித்தால் இருவருமே என்னைத் திட்டுவார்கள். அந்த இருவரும் சேர்ந்து என்னைத் திட்டியது அப்போதுதான் முதல் தடவை. எனக்கு அது எவ்வளவு இனித்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

மனைவிக்கும் பேச்சு மெல்ல மெல்ல வந்தது. ஆனாலும் அவளுக்கு அது ஒரு வசனம்தான். "நாடி பாக்கறதுக்கு முன்னாடி நாடகம் போடணும் போல" என்று என்னிடம் தனியாகச் சிரிப்பாள்.

ஒரு மதியம் வழக்கம்போலப் பெயர் சொல்லி, அனுமதி கேட்டு, அக்காவின் மணிக்கட்டில் விரலை வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எண்ணிக்கையைச் சொல்லிவிட்டுக் கையை விட வேண்டிய நேரம் தாண்டியும் விடவில்லை. அக்கா ஏதோ நோயாளிப் புலம்பல் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, கொஞ்சம் பேசாம இருங்க."

"அனுமதி கேட்டுட்டுச் சொல்லு" என்றாள் அக்கா, கண்ணை மூடியபடியே.

"இது தேர்வு இல்ல அண்ணி."

அந்தக் குரல் எனக்குத் தெரியும். ஊரில் வார்டு வாசலில் அவளுக்காகக் காத்திருந்தபோது கேட்டிருக்கிறேன். அவள் காதை அக்காவின் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். நாடி ஒழுங்காக இல்லை, ஓடுகிறது, நிற்கிறது, தாவுகிறது என்றாள். மாடி ஏறி இறங்கினேன், அதுதான் என்றாள் அக்கா. இவள் விடாமல் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கொஞ்ச நாளாகவே களைப்பு. நெஞ்சுக்குள் ஏதோ படபடவென்று சிறகடிக்கிற மாதிரி. ஒரு தடவை வேனை நிறுத்தியதும் லேசாகத் தலை சுற்றியது. வயசாகிவிட்டது என்று இருந்துவிட்டாளாம்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றாள் இவள். அக்கா எழுந்து செருப்பைத் தேடினாள். மாலைச் சவாரி இருக்கிறது, பிள்ளைகள் காத்திருப்பார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றாள்.

"நீங்க வண்டி எடுக்கக் கூடாது அண்ணி."

அக்காவை எதிர்த்து அவள் பேசிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேன் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மாற்று ஓட்டுநர் வேண்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்தேன். இந்தக் கதையில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பது உண்மைதான் என்றார் டாக்டர். இப்படியே விட்டால் ரத்தம் உறைந்து ஒரு கட்டி மூளைக்குப் போகலாம், பக்கவாதம் வரலாம், அது வண்டி ஓட்டும்போதே வந்தாலும் வரும் என்றார். நல்ல நேரத்தில் வந்தீர்கள், மாத்திரைக்குக் கட்டுப்படும், சில வாரம் கழித்துப் பார்த்துவிட்டு மறுபடி வேன் ஓட்ட அனுமதிக்கலாம் என்றும் சொன்னார். அக்கா தலையை ஆட்டினாள். வண்டி நிறைய இருக்கும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அக்கா பயந்து நான் பார்த்ததில்லை. அன்று கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போது கருநீலச் சட்டை போட்ட ஒரு இளைஞன் வந்தான். தன் பெயரைச் சொன்னான். உங்களை எப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்கும் என்று கேட்டான். கையில் ஊசி ஏற்றப் போகிறேன், இந்த இடத்தில் கொஞ்சம் சுருக்கென்று இருக்கும், செய்யலாமா என்றான். அக்கா அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்து அவனிடம் நீட்டினாள். நடிப்பு ஒன்றும் இல்லை.

வெளியே நடைபாதைக்கு வந்ததும் என் மனைவி சுவரில் சாய்ந்து நின்றாள்.

"இத்தனை நாளும் அதை வசனம்னு நெனச்சிட்டிருந்தேங்க" என்றாள். "அந்தத் தம்பி கேட்டதும் அண்ணி கை தானா வந்துச்சு, பாத்தீங்களா?"

நான் பார்த்தேன் என்றேன். ஊரில் நீ யாரிடமும் கேட்கவில்லை என்பதற்காக உன்னை யார் குறை சொன்னார்கள் என்றும் சொன்னேன். "அங்க நேரம் இல்ல, இங்க இருக்கு. இருக்கிற இடத்துலயாவது கேக்கணும்" என்றாள்.

அக்கா வீடு திரும்பியதும் பயிற்சி மறுபடி தொடங்கியது. முதலில் நாங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னோம். வண்டியும் ஓட்டக் கூடாது, நோயாளியாகவும் இருக்கக் கூடாது என்றால் நான் என்ன சுவரையா பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அக்கா சத்தம் போட்டாள். முன்பு என் மனைவிக்கு வாயிலிருந்து வந்த கேள்வி இப்போது கண்ணிலிருந்தும் வந்தது. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். நாற்காலியில் தேர்வாளராக இருந்த எனக்கே அந்த வித்தியாசம் தெரிந்தது.

மறுதேர்வு அன்று அக்காவும் எங்களோடு ரயிலில் வந்தாள். தேர்வு நடக்கும் இடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். மனைவி வெளியே வந்ததும், ஓர் அறையில் நடந்ததை மட்டும் சொன்னாள். நோயாளி வேஷத்தில் இருந்த அம்மாள், 'முடியாது, தொடாதே' என்று சொல்லிவிட்டாராம். போன முறையாக இருந்தால் இடிந்து போயிருப்பேன் என்றாள். இந்த முறை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "எதை நெனச்சு பயமா இருக்கு?" என்று கேட்டாளாம். அந்த அம்மாள் சொல்ல ஆரம்பித்து, பேசிக்கொண்டே தானாகக் கையை நீட்டினாராம். அக்கா அவள் தலையைத் தன் பக்கம் இழுத்து, நெற்றியில் உதட்டைப் பதித்தாள்.

தேறிவிட்டாள். அந்த இளைஞன் வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில் கருநீலச் சட்டை கிடைத்தது. முதியோர் இல்லத்தை விட்டு வரும் நாளில் அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் போய்க் கையைப் பிடித்து நன்றி சொன்னாளாம். சிலருக்கு அவள் யார் என்றே நினைவில்லை. அவர்களும் கையை விடவில்லை என்றாள்.

வீட்டில் இருவரும் இப்போது நன்றாகச் சண்டை போடுகிறார்கள். மாத்திரை விழுங்கியாயிற்றா என்று இவள் கேட்க, நீ வார்டில் போய் அதிகாரம் பண்ணு என்று அவள் சொல்ல, கூடம் அதிரும். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கும்பிடத் தோன்றும். இவளைக் கும்பிடுவதா அவளைக் கும்பிடுவதா என்று தெரியாமல் தேநீர் போடுவேன்.

விஷயம் வெளியே பரவிவிட்டது. வேறு வேறு நாடுகளிலிருந்து வந்து, அதே தேர்வுக்காக உதவியாளராகத் திண்டாடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். அக்கா படுப்பாள், என் மனைவி சொல்லிக்கொடுப்பாள். அவர்களில் ஒரு பையன் மட்டும் ரொம்பவே மிரண்டான். கை ஜில்லென்று இருக்கிறது, தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வா என்று அக்கா அவனைப் பலமுறை கதவுக்கே திருப்பி அனுப்பினாள். போன மாதம் அவன் தேறிவிட்டதாகச் சேதி வந்தது. அன்றைக்கு முழுக்க அக்கா, தானே பாஸானது மாதிரி, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.