அம்மாவின் அலமாரி வாசனை

சென்ற ஆண்டு, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தீபாவளி விளக்குகள் கட்டத் தொடங்கியிருந்த நேரம். பொங்கோலில் என் அக்கா வீட்டில் நடந்தது இது. அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அம்மா தேக்கா சந்தையில் காய்கறிக் கடையில் வேலை பார்ப்பவர், பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கா உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்திவிட்டாள். பாலிடெக்னிக் போய் உயிரறிவியல் படித்தவள் எங்கள் குடும்பத்திலேயே நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எதையும் சந்தேகத்தோடு பார்க்கும் குணமும் உண்டு.

குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து, ஜி-சிக்ஸ்-பிடி குறைபாடு இருப்பதாகச் சொன்னார்கள். சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி அவனுக்குக் குறைவு. மற்றபடி எல்லாக் குழந்தைகளையும்போல வளர்வான். ஆனால் சில மருந்துகளும், சில சீன மூலிகைகளும், அந்துருண்டையும் அவன் பக்கமே வரக்கூடாது, பட்டால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும் என்று தாதி எச்சரித்தார். அன்றே அக்கா வீட்டு அலமாரி, கழிவறை, செருப்பு வைக்கும் இடம் எல்லாவற்றையும் தேடி, அந்துருண்டைகளைப் பொறுக்கி வெளியே எறிந்தேன்.

அக்காவின் மாமியாருக்கு மனம் ஆறவில்லை. "எங்க பரம்பரையில யாருக்கும் இப்படி இல்ல. எங்கேருந்துதான் வந்துச்சோ" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்வார். எனக்குப் பதில் தெரியும். இந்தக் குறைபாட்டின் மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். ஆண் பிள்ளைக்கு அது தாயிடமிருந்துதான் வரும். சொன்னால் அக்காவுக்குத்தான் பேச்சு விழும்.

முப்பதாம் நாள் சடங்கு கழிந்து குழந்தையைத் தொட்டிலில் போட்டார்கள். இங்கே பல வீடுகளில் உள்ளதுபோல ஸ்பிரிங் தொட்டில்தான். ஆனால் முதல் துணி தாய்வீட்டுப் புடவையாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து அம்மா தன் பழைய வாயில் புடவையைக் கொண்டுவந்து கட்டினார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, வேலை முடிந்து அங்கே போனேன். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தான். பால் குடிக்க எழுப்பினாலும் எழவில்லை. முகத்தில் மஞ்சள் தட்டியிருப்பதுபோல எனக்குப் பட்டது. விளக்கு வெளிச்சம் என்றாள் அக்கா. என் கண் நேராகச் சமையலறைக்குப் போனது. மாமியார் பத்தியத்துக்கென்று ஏதேதோ பொடி இடித்து வைத்திருந்தார். மூடியைத் திறந்து ஒவ்வொன்றாக முகர்ந்தேன்.

"போலீஸ் வந்தாச்சு லா. டப்பாவை எல்லாம் ஒளிச்சு வைக்கணும்" என்றார் அவர்.

"பிள்ளைக்கு ஏதாவது குடுத்தீங்களா அத்தை?"

"என் பேரனுக்கு நானே விஷம் வைப்பேனா? படிச்சா இப்படித்தான் கேக்கச் சொல்லுமா?"

அக்கா என்னை முறைத்தாள். அந்தச் சங்கடத்திலிருந்து தப்பிக்கத்தான் குழந்தையைத் தூக்கப் போனேன். தொட்டிலுக்குள் குனிந்ததும் ஒரு வாசனை. சின்ன வயதிலிருந்தே தெரிந்த வாசனை. அம்மா அலமாரியைத் திறந்தால் வருவது, தீபாவளிக்குப் புதுத்துணி எடுக்கும்போது வருவது. ஒரு கணம் மனதுக்கு இதமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அது என்ன வாசனை என்று புரிந்தது.

புடவையை இழுத்துத் தூரப் போட்டேன். குழந்தையின் உடுப்பைக் கழற்றினேன். டயப்பரில் சிறுநீர் கோப்பி நிறத்தில் இருந்தது. மாமியார் பால் புட்டியையும் துண்டையும் பையில் திணித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் லிஃப்டுக்கு ஓடினார்.

மருத்துவமனையில் அவனை நீல விளக்கின்கீழ் வைத்தார்கள், இரத்தம் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கியிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். அம்மா வேலை உடையோடு ஓடிவந்தார்.

"அந்துருண்டையை எல்லாம் எடுத்துட்டேனே. ஒரு நாள் முழுக்க வெயில்ல போட்டேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விழுங்கினால்தான் ஆபத்து என்று நினைத்திருக்கிறார். துணியில் ஊறிய வாசனையே போதும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

குழந்தை கண் விழித்துப் பால் குடித்த பிறகுதான், அந்தக் குறை தாய் வழியாக வருவது என்பதை அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் அவர், தனக்கு ஒரு தம்பி இருந்ததையும், கைக்குழந்தையாகவே மஞ்சள் பூத்து இறந்ததையும் சொன்னார். நான் அதுவரை கேள்விப்படாத மாமா. "பக்கத்து வீட்டம்மா வந்து தூக்கிக் கொஞ்சிட்டுப் போனப்புறம்தான் அப்படியாச்சுன்னு, அவங்க சாகுற வரைக்கும் நாங்க யாரும் அவங்களோட பேசல" என்றார். அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பின்னர் செய்த பரிசோதனையில் அந்த மரபணு அம்மாவிடம் இருப்பது தெரிந்தது. அக்காவிடமும், என்னிடமும்தான்.

அது எங்கள் வழியில் வந்ததுதான் என்று மாமியாரிடம் நானே போய்ச் சொன்னேன். ஏதாவது குத்திப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். "சரி, நாளைக்கு உனக்குப் பிள்ளை பொறந்தா, தொட்டில் துணியை நான் மோந்து பார்த்துக் கட்டறேன்" என்றார்.

அக்கா மகன் இப்போது தவழ்கிறான். என் சந்தேகப் புத்தி போகவில்லை, போக வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அடுத்த வீட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், எங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து ஒரு முறை ஆழமாக முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன்.