ஏழாம் நாற்காலியில் அசையாத கை

பரீட்சைக்கு வருகிறவர்களின் சாமான்களை வாங்கிப் பூட்டி வைத்து, போகும்போது திருப்பித் தருவதுதான் என் தொழில். சொன்னால் ஒரு வரி, செய்தால் முதுகு வலி. வளைகுடா நகரமான மனாமாவில் குதைபியாப் பக்கம் ஒரு கணினிப் பரீட்சை மையத்தின் வாசல் மேசையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். லாக்கர் இருபத்து நான்கு, சாவி இருபத்து நான்கு. காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை எண்ணுவேன். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குக் கைவசம் இருப்பது எண்ணிக்கை ஒன்றுதான். அடுத்தவர் பதற்றத்துக்குக் காவல் இருக்கும் வாசல்காரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சட்டைப்பையில் சாமி

மருத்துவக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் சட்டைப்பைகளை வெளியே இழுத்துக் காட்ட வேண்டும். ஒரு பையனிடமிருந்து விபூதிப் பொட்டலம், எலுமிச்சம்பழம், மடித்த முருகன் படம் என மூன்று உருப்படி வந்தன. எதுவும் உள்ளே போகக் கூடாது என்றேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றையும் பதினான்காம் லாக்கரில் வைத்துப் பூட்டியதைப் பார்த்து அவன் அம்மா கேட்டார்: "புள்ள உள்ள, சாமி வெளிய. அப்ப அவனுக்கு யாருண்ணே தொணை?"

கஃபீலுக்கு எந்தப் பதில்?

அந்தப் பரீட்சையின் கடைசிப் பகுதியில் பாடமே கிடையாது. எங்கள் மேற்பார்வையாளர் கோமதி மேடம் காத்திருந்த அப்பாக்களுக்கு ஒருநாள் விளக்கினார். பயிற்சிக்கு வந்த மாணவன், பெரிய டாக்டர் கை கழுவாமல் நோயாளியைத் தொடுவதைப் பார்க்கிறான். அவரிடமே சொல்வதா, மேலிடத்தில் சொல்வதா, பேசாமல் இருப்பதா? எது எவ்வளவு சரி என்று குறிக்க வேண்டும். பேசாமல் இருப்பது சரி என்றால் மதிப்பெண் போச்சு.

கட்டட சைட்டில் ஃபோர்மேனாக இருக்கும் பெரம்பலூர்க்காரர் ஒருவர் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, தப்புப் பண்றது நம்மள வேலைக்கு எடுத்த கஃபீலா இருந்து, நம்ம விசாவும் அவரு கையில இருந்தா, அதுக்கு எந்தப் பதிலுங்க?"

எஸ்தர் வளர்த்த வளர்ப்பு

எஸ்தர் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர், இங்கே நர்ஸ். மகள் ஷைனி போன வருஷம் எல்லாப் பகுதியிலும் நன்றாகச் செய்து, இந்தக் கடைசிப் பகுதியில் மட்டும் அடிமட்டத்துக்குப் போய்விட்டாள். இந்த வருஷம் மறுபடி அழைத்து வந்தார். வரும் கோடையில் எஸ்தரின் ஒப்பந்தம் முடிகிறது. குடும்பம் ஊருக்குத் திரும்ப வேண்டும். பிள்ளைக்கு இது கடைசித் தடவை.

மகள் உள்ளே போனதும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கைக்குட்டையைப் பிசைந்தார். "நாந்தாண்ணே அவள கெடுத்தேன். இது நம்ம நாடு இல்ல மக்ளே, எதுலயும் தலையிடாத, வாயத் தொறக்காதன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அவ அதையே பரீட்சையிலயும் போட்டுட்டு வந்துட்டா."

ஏழாம் நாற்காலி

பரீட்சை அறையின் கண்ணாடிச் சுவர் வழியே நான் எண்ணிக்கொண்டிருப்பேன். அன்று பதினோரு பேர். பத்துக் கைகள் மவுஸை நகர்த்தின. ஏழாம் நாற்காலியில் ஷைனியின் கை அசையவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு. அவள் திரையையே பார்த்துக்கொண்டு பணிவாக உட்கார்ந்திருந்தாள். கோமதி மேடம் உள்மூலையில் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். யாராவது கையைத் தூக்கினால்தான் நிமிர்வார்.

எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை, சைகை காட்டவும் கூடாது. நான்காவது நிமிஷம் எழுந்து கண்ணாடி அருகே போனேன். அவள் திரும்பினாள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக என் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினேன். அவள் புரியாமல் விழித்தாள். பிறகு அவளும் தூக்கினாள்.

கணினி நின்றுபோயிருந்தது. மேடம் சரிசெய்து, இழந்த நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தார். வெளியே வந்து சாவியைத் தந்தபோது ஷைனி சொன்னாள்: "எல்லாரும் எழுதிட்டு இருந்தாங்க, அங்கிள். கை தூக்கினா டிஸ்டர்ப் ஆகும்னு பேசாம இருந்துட்டேன்."

மேடம் கேட்காத கேள்வி

நடந்ததை மேடம் பதிவு செய்தார்: திரை நின்றது, பெண் கை தூக்கினாள், சரிசெய்யப்பட்டது. மூன்று வரி. நாலாவது வரி விட்டுப்போயிருக்கிறது என்றேன். சைகை காட்டியது தெரிந்தால் பிள்ளையின் முடிவை நிறுத்தி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மா முகமும் கண்ணில் நின்றது. ஆனால் கணக்கில் ஒன்று குறைந்தால் எனக்குச் சோறு இறங்காது. சொல்லிவிட்டேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் அண்ணாச்சி, நான் கேக்கவே இல்லையே!"

பன்னிரண்டு நாள்

முடிவை நிறுத்தித்தான் வைத்தார்கள். எஸ்தர் தினமும் டூட்டி முடிந்து வந்து, எதுவும் கேட்காமல், எதிரே உட்கார்ந்துவிட்டுப் போவார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பன்னிரண்டாம் நாள் கேமராப் பதிவைப் பார்த்து, நான் பதிலெதையும் சொல்லித் தரவில்லை என்று முடிவை வெளியிட்டார்கள். கடைசிப் பகுதியில் ஷைனி மேலிருந்து இரண்டாம் படி, போதும். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று.

எஸ்தர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பன்னெண்டு நாளும் உங்கள மனசுக்குள்ள ஏசிட்டேதாண்ணே இருந்தேன். ஆனா அதையும் நான் வாயத் தொறந்து சொல்லல பாத்தீங்களா."

ஆக, டாக்டராகப் போகும் பிள்ளைகளுக்குத் தேதி சொல்லி வரும் 'சொல்வதா, பேசாமல் இருப்பதா' என்ற அந்தப் பரீட்சை, சாவி கொடுக்கிறவனுக்கு மட்டும் சொல்லாமல் வருகிறது, கணினி நின்றாலும் நேரத்தைக் கூட்டித் தர ஆளில்லை.