ஆறாவது ஆள்

மதுரங்குளியில் கல்யாண வீடென்றால் றிஷ்னாவுக்கு ஒரே ஆசைதான்: சஹனில் குந்த வேண்டும். புரியாணி நிறைந்த பெரிய தட்டு, அதைச் சுற்றி ஆறு பெண்கள், வாய் ஓயாத ஊர்க்கதை. பொரித்த கோழியை முதலில் யார் பிய்ப்பது என்பதில் சின்னச் சண்டையும் வரும். ஆறு பேர் சேராமல் தட்டு வராது. அது எழுதாத சட்டம்.

கொரோனா வந்த பிறகு அந்த ஆசை இன்னும் பெருத்துப்போனது. அவள் ஆஸ்பத்திரியில் தாதி. வீட்டிலோ வாப்பாவுக்கு மூச்சிழுப்பு, நோய் தொற்றினால் தாங்கமாட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாதியர் விடுதிக்குப் போனவள் ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தாள். உம்மா கொடுத்தனுப்பும் சோற்றுப் பார்சலைக் கட்டிலில் வைத்து, சுவரைப் பார்த்தபடி தின்றாள். கூட வேலை செய்தவர்களும் அப்படித்தான். ஒருத்தி முகக்கவசத்தைக் கழற்றினால் மற்றவள் அறையை விட்டுப் போய்விட வேண்டும்.

ஆஸ்பத்திரி வாட்டில் மூச்சுக்குத் தவித்தவர்கள் அவள் கையைத்தான் பிடித்தார்கள். சிலர் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார்கள். வெளியே வந்ததும் அந்தக் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பாள், தோல் உரியும்வரை தேய்ப்பாள். பேச ஆளில்லாத மனது வேறென்ன செய்யும்? பயந்துபோயிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் தாதிக்கே பயமென்றால் ஊர் சிரிக்காதா? அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஊரும் லேசுப்பட்டதல்ல. ஒருநாள் உடுப்பு எடுக்க வாசல்வரை வந்தவளைக் கண்டதும் பக்கத்து வீட்டு ஸுல்பிகா மாமி யன்னலைப் படாரென்று சாத்தினாள். றிஷ்னாவுக்கு நெஞ்சே வெந்துபோனது. ஒதுக்குகிறவர்கள் அவர்கள்தான், நோய் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

நோய் அடங்கியது. தங்கை ஸஃப்னாவின் கல்யாணமும் வந்தது. புதுச் சாரி உடுத்திய றிஷ்னா, எப்படியும் யாரும் கூப்பிடப்போவதில்லை என்ற வீம்போடு பந்தல் ஓரமாக நின்றாள்.

"இங்க ஒரு ஆள் கொறயுது!" பாயில் இருந்தபடி குரல் கொடுத்தது அதே ஸுல்பிகா மாமி. "றிஷ்னா, என்ன புள்ள பாத்துக்கிட்டு நிக்கிற? வந்து குந்து. எங்களுக்குப் பசிக்குது!"

றிஷ்னாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய்க் குந்தினாள். கை கழுவத் தண்ணீர் வந்தது, பிறகு தட்டு வந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஐந்து கைகள் சோற்றில் இறங்கின. அவளுடைய கை மடியிலேயே கிடந்தது. சோற்றுக்குப் போ என்று அந்தக் கையிடம் சொல்லிப் பார்த்தாள், போகவில்லை. எல்லோர் கையும் ஒரே சோற்றை அளைவதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு படபடத்தது.

மாமியின் கை பாதியில் நின்றது. "ஏன் புள்ள? அந்தக் கொரோனா வருத்தம் திரும்பவும் வருதா?"

மற்றக் கைகளும் மெல்ல மேலே வந்தன. தாதி தொடாத சோற்றை வேறு யார்தான் தொடுவார்கள்?

"சே, அப்பிடி ஒண்டும் இல்ல மாமி. எனக்கு வயிறு சரியில்ல. நீங்க சாப்பிடுங்க."

எழுந்துகொண்டாள். ஒரு பீங்கானில் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். படபடப்பு அடங்கியது. முதல் பிடி சோறு தொண்டையில் சுகமாக இறங்கியது. அப்படி இறங்கியதை நினைத்துத்தான் றிஷ்னா அழுதாள்.