ஒரே வரியில் உபயம்

இதுவரை எத்தனை கண்காட்சிகள் நடந்திருக்கின்றன என்று கேட்டால் ஓவிய அருங்காட்சியகத்தின் இயக்குநர் எழுபத்து மூன்று என்பார். சீட்டம்மாவைக் கேட்டால் எழுபத்து நான்கு. திறந்த அன்றே கூரை ஒழுகி மூடப்பட்ட ஒரு கண்காட்சியை இயக்குநர் சேர்ப்பதில்லை. சீட்டம்மா சேர்ப்பார். யாரும் பார்க்காவிட்டால் என்ன, அதற்கு அவர் இருபத்தெட்டுச் சீட்டுகள் எழுதியிருந்தார்.

ஓவியத்துக்கு வலப்பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை ஒட்டியிருக்குமே, அதுதான் சீட்டு. வரைந்தவர், தலைப்பு, ஆண்டு, யாருடையது: நான்கு வரி. இருபத்தொன்பது ஆண்டுகளாக அவற்றை எழுதுபவர் என்பதால் அவர் பெயரே சீட்டம்மா ஆகிவிட்டது. ஓவியங்களைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. பாதிக்கு மேல் கோணல் என்பார். சீட்டு மட்டும் கோணலாக இருக்கக் கூடாது. ஒரு விஷயத்துக்கு ஒரு வரி. வரி உடைந்து கீழே இறங்கினால் அன்று அவருக்குச் சாப்பாடு இறங்காது.

முன்பிருந்த ஓர் இயக்குநரின் ஆண்டறிக்கையில் பதினேழு பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தவர். அதற்குப் பிறகு சீட்டம்மா எழுதியதை யாரும் சரிபார்த்ததில்லை. பயம். அலுவலகத்தில் அதற்கு நம்பிக்கை என்று பெயர்.

ஓய்வுபெற நான்கு மாதம் இருக்கும்போது அருங்காட்சியகத்துக்கு நாற்பது வயது நிறைந்தது. நடந்து முடிந்த கண்காட்சிகளையெல்லாம் ஆண்டு வாரியாக எழுதிய பெரிய பலகை ஒன்றை வாசல் கூடத்தில் வைப்பதென்று முடிவாயிற்று. தனக்கு முன்பிருந்தவர் எழுதியவை உட்பட, பழைய சீட்டுகளின் கைப்பிரதிகளைச் சீட்டம்மா கண்காட்சிக்கு ஒன்றாகப் பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருந்தார்; பலகை அந்த டப்பாக்களிலிருந்துதான் பிறந்தது. நன்றிக்காக அதன் கடைசி வரியில் "சீட்டுகள்" என்று போட்டு அவருடைய பெயரை எழுதினார்கள். சுவரில் ஆயிரக்கணக்கான பெயர்களை ஏற்றியவரின் பெயர் முதல்முறையாகச் சுவர் ஏறியது. "நானா ஒண்ணும் கேக்கல" என்று மூன்று பேரிடம் சொன்னார். மூன்று பேரும் அதைப் பற்றிக் கேட்டிருக்கவில்லை.

பலகை வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மதியம் பதிவேட்டுக்காரர் அவர் மேசைக்கு வந்தார். எந்த ஓவியம் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதி வைப்பது அவர் வேலை.

"நாளைக்கு வெளிநாட்டுக்குப் போகுதே, ஜன்னலோரப் பெண் படம், அதுக்கு ஒரு வில்லங்கம்."

"என்னவாம்?"

"கடிகாரம் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் எழுதியிருக்காரு. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி மூணு மாசத்துக்கு இரவலா குடுத்தாராம், அவர் படமாம். ரசீதைக் காட்டுங்கன்னா, கடை மாத்தினப்போ தொலைஞ்சிடுச்சுங்கிறாரு. காலையில பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கு. பதினொரு மணிக்கு லாரி. நீங்களும் வந்துடுங்க."

"நான் எதுக்கு?"

"நம்ம கையில இருக்கிற ஆதாரமே நீங்கதானே! அன்னிக்குச் சுவத்துல 'உபயம்'னு எழுதியிருந்தீங்க. அதைப் பார்த்துத்தான் நன்கொடைன்னு பதிஞ்சேன். சீட்டம்மா எழுதினா அப்பீல் ஏது?"

அவர் போனபின் சீட்டம்மா நாற்பத்தோராம் டப்பாவைத் திறந்தார். 'வீட்டுச் சுவர்கள்' என்ற கண்காட்சி. ஊர்க்காரர்கள் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டியிருந்த முப்பத்திரண்டு ஓவியங்களை வாங்கி மூன்று மாதம் வைத்திருந்தார்கள். முப்பத்தொரு சீட்டுகளில் "இரவல் தந்தவர்" என்று இருந்தது. பத்தொன்பதாம் எண்ணில் மட்டும் "இரவல் தந்தவர்: பழைய பேருந்து நிலையக் கடிகாரக் கடைக்காரர்" என்பது அடிக்கப்பட்டு, மேலே "உபயம்: கடிகாரக் கடை" என்று திருத்தப்பட்டிருந்தது. ஓரத்தில் அவருடைய கையெழுத்தில், தேதியோடு ஒரு குறிப்பு: "வரி உடைகிறது."

முப்பத்தொரு படங்கள் வீடு திரும்பின. பத்தொன்பதாவது தங்கிவிட்டது. அடுத்த கண்காட்சிக்குச் சீட்டு எழுதப் பதிவேட்டைப் பார்த்த சீட்டம்மா, அதில் நன்கொடை என்றிருந்ததால் "அருங்காட்சியகச் சேகரிப்பு" என்று எழுதினார். ஒரே வரி, அழகாக உட்கார்ந்தது. அவர் எழுதியதைப் பதிவேடு நம்பியது. பதிவேடு எழுதியதை அவர் நம்பினார். இந்தப் பரஸ்பர மரியாதையில் நான்கு கண்காட்சிகள் ஓடிவிட்டன.

தாளை டப்பாவில் திரும்ப வைக்கப் போனவர், மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. கிழிக்கவும் கைப்பைதான் வசதி, காட்டவும் அதுதான் வசதி.

வீட்டில் கணவரிடம் விஷயத்தை யாருடையதோ போலச் சொன்னார். அவர் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர், நேராகத்தான் போவார்.

"உபயம்னா இன்னார் தயவுலன்னு அர்த்தம். இரவலும் தயவுதானேங்க?"

"ஃபேன் றெக்கையில 'உபயம்'னு பேர் எழுதித் தராங்களே, அந்த ஃபேனை எவனாவது மூணு மாசம் கழிச்சுக் கழட்டிட்டுப் போறானா?"

"அகராதியில பாருங்க."

"நான் எதுக்கும்மா பாக்கணும்? படத்தைக் குடுத்தவன்தான் பாக்கணும், எந்த வார்த்தையில தன் படம் போச்சுன்னு. ஆமா, எழுதினது யாரு?"

"யாரோ."

"உன் ஆபீஸ்ல எழுதுறதுக்கு இன்னொரு யாரோ இருக்காங்களா?" என்றவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார். கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்குக் கடிகாரக்காரர் வந்துவிட்டார். அறுபது வயது, இஸ்திரி போட்ட சட்டை, பையில் சிறிய திருப்புளி. இயக்குநரின் அறைச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்து, "நாலு நிமிஷம் முன்னால ஓடுது" என்றார். அவருக்குச் சாதகமான தொடக்கம் என்று சொல்ல முடியாது.

"பதினஞ்சு வருஷம் சும்மா இருந்தீங்களே?" என்றார் இயக்குநர்.

"சும்மா இல்லீங்க. முதல் வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தேன். அப்புறம் வந்தப்போ படம் சுவத்துல இருந்தது. சந்தோஷமா இருந்தது. கீழே 'சேகரிப்பு'ன்னு போட்டிருந்தது. என்னன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். 'பத்திரமா சேர்த்து வச்சிருக்கோம்னு அர்த்தம்'னாரு. எடுத்துட்டுப் போய் நான் இதைவிடப் பத்திரமா எங்க வைக்கறது? விட்டுட்டேன்."

"இப்ப என்ன அவசரம்?"

"நீங்க மூணு வருஷத்துக்கு வெளிநாடு அனுப்புறீங்களாம். அந்தப் படத்துல ஜன்னல் பக்கத்துல சட்டைக்குப் பொத்தான் தைக்கிறது எங்க அக்கா. மாடியில குடியிருந்த ஓவியர் வரைஞ்சு அக்காகிட்டயே குடுத்தாரு. பிள்ளை பெத்த மறுவாரம் அக்கா போயிட்டா. அந்தப் பொண்ணை நான்தான் வளர்த்தேன். அக்காவுக்கு ஒரு போட்டோ கூட இல்லீங்க. அம்மா முகத்தைப் பாக்கணும்னா அவ இங்கதான் டிக்கெட் வாங்கிட்டு வரணும். இனிமே விமானத்துக்கு டிக்கெட் வாங்கணும்."

இயக்குநர் கெட்டவர் அல்ல. வெளிநாட்டு அருங்காட்சியகத்தோடு ஒப்பந்தம் போட்டவர், அவ்வளவுதான். "வருத்தமா இருக்குங்க. ஆனா என்னால எழுத்தை வச்சுத்தான் பேச முடியும். சீட்டம்மா, 'உபயம்'னு எழுதினது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"அப்ப சரி. இவங்க எழுத்துல தப்பே வராது, ஊருக்கே தெரியும்."

கடிகாரக்காரர் திருப்புளியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையில் போட்டார். வெளியே லாரி பின்னால் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பதிவேட்டுக்காரர் அனுமதித் தாளை இயக்குநர் பக்கம் நகர்த்தினார். இயக்குநர் பேனாவின் மூடியைக் கழற்றினார். திறந்திருந்த கதவு வழியாக வாசல் கூடத்துப் பலகையின் கீழ்ப்பகுதி தெரிந்தது. கடைசி வரி நன்றாகவே தெரிந்தது.

"சார், அதுல தப்பு இருக்கு" என்றார் சீட்டம்மா.

"எதுல? அனுமதித் தாள்லயா? எழுத்துப்பிழையா?"

"எழுத்துல பிழை இல்ல. எழுதினதுல பிழை."

கைப்பையைத் திறந்து தாளை மேசையில் விரித்தார். மூவரும் குனிந்து படித்தார்கள். அடித்த வரி, திருத்திய வரி, ஓரக்குறிப்பு. பதிவேட்டுக்காரர் இரண்டாவது முறை படித்தபோது உதடு அசைந்தது.

"வரி உடைகிறது?" என்றார் இயக்குநர். "இதுக்காகவா?"

"ஆமா சார். அவர் கடைப் பேர் நீளம். இடம் பத்தல. உபயம்னா அடங்கிச்சு."

"உங்களுக்கு வரி உடையக்கூடாது. இப்ப என் ஒப்பந்தம் உடையுதே! வாசல்ல லாரி நிக்குது. அவங்களுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?"

"சுருக்கமா எழுதுங்க சார்" என்று பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடிகாரக்காரர் தாளை விரலால் தடவிப் பார்த்தார். சீட்டம்மா மன்னிப்புக் கேட்கத் தொடங்குமுன் அவரே நிமிர்ந்தார்.

"பேரைச் சுருக்கினீங்க, சரிம்மா. படத்தையுமா சுருட்டணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காகச் சொன்னதும் இல்லை.

இயக்குநர் பேனாவை மூடிவிட்டார். அனுப்பக் கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து ஓவியத்தை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. மற்ற இரண்டு ஓவியங்களோடு லாரி புறப்பட்டது. திருப்பித் தந்ததற்கு இம்முறை தாள் வேண்டும், கையெழுத்தோடு வேண்டும் என்று கடிகாரக்காரர் நின்றார். எழுத வேண்டியவர் சீட்டம்மாதான். "இரவல் தந்தவர்: பழைய பேருந்து நிலையக் கடிகாரக்" என்பதோடு வரி முடிந்துவிட்டது. பேனா சற்று நின்றது. பிறகு "கடைக்காரர்" அடுத்த வரியில் இறங்கியது. கடிகாரக்காரர் அதைப் படித்து, நான்காக மடித்து, திருப்புளி இருந்த பையிலேயே வைத்துக்கொண்டார். படத்தை மார்போடு அணைத்து, முகப்பு உள்பக்கமாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு படியிறங்கினார். நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

திங்கட்கிழமை பலகையின் கடைசி வரிமேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டப்பட்டிருந்தது. இயக்குநர் ஒட்டச் சொன்னாரா, பதிவேட்டுக்காரரின் சொந்த யோசனையா என்று தெரியவில்லை. இருவரும் அன்று பின்வாசல் வழியாக வந்தார்கள். சீட்டம்மா பலகையின் முன் வெகுநேரம் நின்றார். தாள் இடப்பக்கம் ஒரு நூலளவு தாழ்ந்திருந்தது.

மேசைக்குப் போய் அளவுகோலும் பசையும் எடுத்து வந்தார். தாளை மெல்ல உரித்தார். தன் பெயரை ஒருமுறை படித்தார். பிழை இல்லை. பிறகு தாளை அதன்மேல் நேராக வைத்து ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்தினார்.